யார் கூப்பிட்டாலும் போகிறவள்

செருப்புக் கடையில் நான் குனிந்து ஒரு செருப்பின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மகளைக் காணோம். ஒரு காலில் புதுச் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால். அப்படியே கடை முழுக்க ஓடினேன். கல்லாவில் இருந்தவர், "மேடம், அந்தச் செருப்பு..." என்று என் பின்னாலேயே வந்தார். அவருக்கு அவர் கவலை.

கடைசியில் வண்டிகள் நிறுத்துகிற பக்கமிருந்து ஒரு ஆள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி போட்ட, நடுத்தர வயது ஆள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்ன ஏது என்று கேட்காமலே கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நான் கூப்பிடவே இல்லை. புள்ளையே வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு 'போலாமா'ன்னு கேட்டுச்சு. எங்களுக்குத் தெரிஞ்சவங்க புள்ளை போலன்னு நினைச்சேன். காரைத் திறந்ததும் ஏறி உக்காந்துடுச்சு. அப்புறம்தான் எனக்கே பயம் வந்துச்சு."

நல்ல மனுஷன். அவர் நல்ல மனுஷனாக இருந்தது எங்கள் நல்ல நேரம். என் மகள் அவருக்குச் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள். பிறகு அதே சிரிப்போடு என் கையைப் பிடித்தாள். "அந்த மாமா கார் வெள்ளைக் கார்," என்றாள்.

வீடு வந்து சேரும்வரை எனக்குப் பயம் தெளியவில்லை. தொலைந்துபோகப் பார்த்தாளே என்பதற்காக மட்டும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை அம்மாவைக் காணோம் என்றால் ஊரைக் கூட்ட வேண்டும். இவளுக்கு என்னைக் காணோம் என்றே தோன்றவில்லை. அவளுக்கு நானும் ஒன்றுதான், அந்தக் கண்ணாடிக்காரரும் ஒன்றுதான். நான் செத்துப்போனால் அடுத்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு இவள் பாட்டுக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அது என்னை அறுத்தது.

அவளை நாங்கள் தத்தெடுத்தது மூன்று வயதில். அதற்கு முன்னால் இருந்த விடுதியில் ஒரு கூடம் நிறையக் கட்டில்கள், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆயா. பால் புட்டியை ஒரு துணிச் சுருளில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு ஆயா அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கும் இரண்டே கைகள்தான். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளைகள் அழுவதை நிறுத்திவிடுமாம். நாங்கள் முதலில் போனபோது அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்தது. "எவ்வளவு சமர்த்துப் பிள்ளைங்க," என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் அதே சமர்த்து. முட்டி தேய்ந்து ரத்தம் வழிந்தாலும் விளையாடிக்கொண்டே இருப்பாள். பசிக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பஸ்ஸில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் "அம்மா" என்பாள். என் நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் மிட்டாய். "யார்கிட்ட வேணும்னாலும் ஒட்டிக்கிறா பாரு, என் மிட்டாய்!" என்று கொஞ்சுவார். ஊரே மெச்சியது. எனக்கோ ஒரு தடவையாவது "ஏய் வாலு" என்று அவளைத் திட்ட ஆசை. திட்டும்படி எதையாவது செய்தால்தானே?

செருப்புக் கடை விஷயத்தைச் சொன்னதும் குழந்தைகள் டாக்டர் ஒரு தெரபிஸ்டிடம் அனுப்பினார். தையல் கடைக்கு மேலே மாடியில் ஒரே பெரிய அறை. தரை முழுக்க மெத்தை விரிப்பு, உட்கார ஒரு நாற்காலி கிடையாது. சுவரில் கண்ணாடிகூடத் தரையை ஒட்டிப் பதித்திருந்தார்கள். துணியில் தைத்த ஒரு குகை, கூரையிலிருந்து தொங்கும் ஒரு ஊஞ்சல் துணி, ஆளில் பாதி உயரத்துக்கு ஒரு பந்து. தெரபிஸ்ட் குண்டான பெண்மணி. நாள் முழுக்க முழங்காலிலேயே நடமாடுகிறவர் என்பது அவர் பேன்ட்டின் முட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. என் வீட்டுக்காரர் அன்றே அவருக்குத் 'தரை டாக்டர்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்.

அவர் என் மகளைக் கவிழ்ந்து படுக்கச் சொன்னார். மரக்கட்டை மாதிரி படுத்தாள். தவழச் சொன்னார். ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து போயின, பிறகு மறுபக்கத்துக் கையும் காலும். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை விறைத்து நீண்டது. அப்போது கீழே தையல் கடைக்காரர் ஷட்டரைப் படாரென்று இழுத்தார். என் மகளின் இரண்டு கைகளும் பிறந்த குழந்தைக்குத் தூக்கிப்போடுவதுபோல விரிந்து, பிறகு நெஞ்சுக்கு வந்தன. முகம் மட்டும் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"பார்த்தீங்களா," என்றார் தெரபிஸ்ட். "முகம் சிரிக்குது. உடம்பு பயந்துக்கிட்டே இருக்கு."

ஐந்து வருஷம்... இல்லை, எங்களிடம் வந்து இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பைத்தான் நான் ஃபோட்டோ எடுத்து எடுத்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"குழந்தையோட மூளை கீழேயிருந்து மேலே கட்டிக்கிட்டு வரும்," என்று அவர் விளக்கினார். "கவிழறது, உருள்றது, வயித்தால ஊர்றது, தவழறது, யாராவது தூக்கி ஆட்டறது, எல்லாமே அதுக்குச் சாப்பாடு. உங்க பொண்ணு மல்லாந்தே கிடந்து, ஒரு நாள் கட்டில் கம்பியைப் பிடிச்சு எழுந்து நின்னுட்டா. நடுவுல இருந்ததெல்லாம் நடக்கவே இல்லை."

"அஸ்திவாரம் போடாம முதல் மாடி கட்டிட்டாங்க," என்றார் என் வீட்டுக்காரர். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர், எதைச் சொன்னாலும் அங்கே கொண்டுபோய்விடுவார்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அப்போ இவ தவழ்ந்தா, நான்தான் அம்மான்னு இவளுக்குத் தெரிஞ்சுடுமா?" என்று கேட்டேன்.

"அப்படி நேர்க்கோடு போட முடியாதுங்க. உடம்புக்குள்ள எப்பவும் மணி அடிச்சுக்கிட்டே இருந்தா, யார் நம்ம ஆளுன்னு பார்க்க அதுக்கு நேரம் ஏது? முதல்ல அந்த மணியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கறோம். நான் பார்த்ததுல சில புள்ளைங்களுக்கு நல்லா உதவியிருக்கு, சிலருக்கு அவ்வளவா இல்லை. மந்திரம்னு நினைச்சுட்டு வராதீங்க. அப்புறம் ஒண்ணு, இது அவளுக்கு மட்டும் இல்லை. நீங்க ரெண்டு பேரும் தரையில இறங்கணும்."

இறங்கினோம். தினமும் சாயங்காலம் சோபாவை ஓரம் தள்ளி, பாய் விரித்து, மூன்று பேரும் பல்லி மாதிரி ஊர்ந்தோம். அவளைப் போர்வையில் சுருட்டி உருட்டினோம். படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை என் வீட்டுக்காரர் பிடிக்க, இரண்டு முனைகளை நான் பிடிக்க, அவளை நடுவில் போட்டு மெதுவாக ஆட்டினோம். ஒரு நாள் என் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, கவிழ்ந்தவர் கவிழ்ந்தபடியே கிடந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா, என் நாத்தனார், உள்ளே வந்தார். கூடத்தில் குடும்பமே தரையில் கிடப்பதைப் பார்த்து ஒரு கணம் பதறிவிட்டார். பிறகு விஷயம் தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏண்டா, புள்ளைக்குத்தானே வைத்தியம்? நீ ஏன்டா பாம்பு மாதிரி கிடக்கற?"

"சிரிக்காத அக்கா, தூக்கி விடு!"

என் மகள் எல்லாப் பயிற்சியையும் கனகச்சிதமாகச் செய்தாள். கையும் காலும் மாற்றி மாற்றி வைப்பதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தெரபிஸ்ட் முன்னால் செய்துகாட்டச் சொல்லிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "நல்லா செய்யறா," என்றார். "யாருக்காகச் செய்யறான்னுதான் தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை இவ்வளவு தூரம் செய்கிறாள், வாய் நிறைய ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? படி இறங்கும்போது வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் வழக்கம்போல "ம்" கொட்டிக்கொண்டு வந்தார்.

தெரபிஸ்ட் சொன்னதன் அர்த்தம் எனக்கு என் தொழிலில்தான் புரிந்தது. நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் கார்களில் வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒரு ரிட்டயர்டு பேங்க்காரர் இருந்தார். அவ்வளவு அழகாக ஓட்டுவார். சரியான இடத்தில் வேகம் குறைப்பார், சரியான இடத்தில் நிறுத்துவார். டெஸ்ட்டில் பாஸாகிவிடுவார் என்று நான் சவால் விட்டிருந்தேன். டெஸ்ட் அன்று அதிகாரி என் இடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். பேங்க்காரர் நேராகப் போய் வேலியில் இடித்தார்.

"என்ன சார், வேலி கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

"அவர் கால் அசையலையேம்மா," என்றார் பரிதாபமாக.

இத்தனை நாளும் மனுஷன் ரோட்டையே பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்திருக்கிறார். என் பாதம் பிரேக்குக்குப் பக்கத்தில் போனால் இவர் பிரேக் போட்டிருக்கிறார். இது எங்கள் தொழிலில் தெரிந்த கோளாறுதான். ரொம்பப் பணிவானவர்களுக்கு வரும், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர்களைத் திட்ட நமக்குக் காரணமே கிடைக்காது.

அன்று சாயங்காலம் பாயில் என் மகள் ஊர்ந்து வந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தேன். என் கால் கட்டைவிரலில் இருந்தது. நான் என்னை அறியாமல் விரலை அழுத்தினால் அவள் நின்றாள். தளர்த்தினால் நகர்ந்தாள். நான் காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தையும் திருப்பிக்கொண்டேன். உடனே என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். அவள் தன் உடம்பு கேட்டபடி எதையுமே செய்யவில்லை. எங்களைப் படித்துப் படித்து, நாங்கள் விரும்புகிற பிள்ளையாக இருந்துகொண்டிருந்தாள்.

தெரபிஸ்டுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "அதேதான்," என்றார். "எனக்கு அதைச் சொல்லத் தெரியல. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க." அன்றோடு அவர் மேல் இருந்த கோபம் போனது. இரண்டு பேரும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். இனி அவளைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாது. நான் பக்கத்தில் கவிழ்ந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தோன்றியபடி உருளுவேன், ஊருவேன். அவள் என்ன செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னிடம் கார் கற்றவர்களுக்குத் தெரியும். முதல் நாள் அவள் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். என் கன்னத்தில் பாயின் வரிகள் பதிந்ததுதான் மிச்சம். பிறகு ஒரு நாள் சரசரவென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சத்தம் என்னைத் தாண்டிப் போய், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நின்றது. அங்கே தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு ஏதோ முனகினாள். வார்த்தை இல்லை, வெறும் முனகல்தான். யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல் அவளிடமிருந்து வந்த முதல் சத்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் மேஜைக்கு அடியிலிருந்து வேகமாக வெளியே வரும்போது மண்டையை மேஜைக் காலில் இடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு வாயைத் திறந்து அழுதாள். கைக்குழந்தையின் அழுகை, மூச்சு வாங்கி வாங்கி, முகம் சிவந்து. குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காதில் சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு!" என்றார். "அழறா!" என்றேன் நான், லாட்டரி விழுந்த மாதிரி.

அந்த சந்தோஷம் ரொம்ப நாள் தங்கவில்லை. மடை திறந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் அழுகை. சட்டை குத்துகிறது, பால் சூடு, விளக்கு கூசுகிறது. "வேண்டாம்" என்ற வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டாள், இருபத்து நாலு மணி நேரமும் அதுதான். டம்ளரைத் தூக்கி எறிந்தாள். படுக்கையை நனைத்தாள். பள்ளிக்கூடத்து மிஸ் என்னைக் கூப்பிட்டு, "தங்கமான குழந்தையா இருந்தா. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று மெல்லக் கேட்டார்.

தெரபிஸ்ட், "இது வரும்னு எதிர்பார்த்ததுதான். இத்தனை வருஷ பாக்கி," என்றார். சொல்வது எளிது. எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது அழுகைகூட இல்லை. அழுகை வந்தால் அவள் என்னிடம் வரவில்லை, அதுதான். மேஜைக்கு அடியில் போய், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுவாள். தூக்கப் போனால் உடம்பை விறைத்துக்கொள்வாள். கொஞ்சம் தள்ளி நான் தரையில் உட்கார்ந்திருப்பேன். சிரித்தபோதும் நான் யாரோ, அழுதபோதும் நான் யாரோ.

என் நாத்தனார் வந்து இரண்டு நாள் தங்கினார். இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருந்த புள்ளையைக் கெடுத்து வெச்சிருக்கீங்க. சிரிச்சுக்கிட்டு இருந்தது, இப்ப பிசாசு பிடிச்ச மாதிரி கத்துது. வைத்தியம்னு தரையில போட்டு உருட்டினா இப்படித்தான் ஆகும்."

"அண்ணி, அவ சிரிச்சது சிரிப்பே இல்லை."

"பேசறதுக்கு உனக்குச் சொல்லியா தரணும்? முகத்தைக் கண்ணாடியில பாரு, கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கு. ஸ்கூல் லீவு விட்டாச்சு. நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல தோட்டம் இருக்கு, பெரியவங்க நாங்க ரெண்டு பேரு இருக்கோம். நீ கொஞ்சம் தூங்கு."

அவர் வாய்தான் அப்படி, மனசு வெல்லம். என் வீட்டுக்காரரும், "கொஞ்ச நாள் மாறுதலா இருக்கட்டுமே," என்றார். நான் அசந்துபோயிருந்தேன். சரி என்றேன். அசதி மட்டும் காரணமில்லை. எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. போகும்போது ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கிறாளா, பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

அத்தை கூப்பிட்டதும் அவள் ஷூவை மாட்டிக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. பழைய சமர்த்து அப்படியே திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. நான் வாசலில் நின்று பெரிதாகக் கையை ஆட்டினேன், சிரிக்கவும் செய்தேன். கார் தெருமுனை திரும்பும்வரை அவள் தலையின் பின்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே வந்து பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தெரபிஸ்டுக்கு ஃபோன் செய்து சொன்னேன். "என்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்," என்றார். "அவளை ஏற்கெனவே நிறையப் பேர் அனுப்பியிருக்காங்க." நான் ஃபோனை வைத்துவிட்டேன். அது எனக்கு உறைத்தது. ஆனாலும், போனதைப் பற்றி அவளுக்கே கவலை இல்லாதபோது நான் என்ன செய்ய என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் ஃபோன் செய்தார். "தங்கம்! இங்க வந்ததும் பழைய மிட்டாய் ஆயிட்டா. எல்லார் மடியிலயும் உக்கார்றா. உன் வீட்டுத் தரையிலதான் ஏதோ இருக்கு போ," என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த நாள் ஃபோன் வரவில்லை. நான் செய்தபோது, "அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கார் வாசலில் வந்து நின்றது. முதலில் என் நாத்தனார் இறங்கினார். தலை வாராமல், கண்ணெல்லாம் சிவந்து, இரண்டு நாளில் ஆளே பாதியாகியிருந்தார்.

"என்னால முடியலம்மா," என்றார் எடுத்த எடுப்பில். "முந்தாநாள் தூங்கப்போறப்ப, 'நாளைக்கு அம்மா வருமா'ன்னு கேட்டா. லீவு முடிஞ்சாத்தான்னு சொன்னேன். அவ்வளவுதான். காலையில எழுந்து ஷூவை மாட்டிக்கிட்டுப் போய் கேட்டுக்குப் பக்கத்துல உக்காந்துட்டா. வெயில் ஏறுது, உள்ள வாடின்னா வரல. ஒரு வாய் சாப்பிடல. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் கூப்பிட்டாரு, பக்கத்து வீட்டுக்காரங்க பொம்மையைக் காட்டிக் கூப்பிட்டாங்க. யார் கூப்பிட்டாலும் வரல. ராத்திரி அப்படியே தூங்கிப்போனதைத்தான் தூக்கிட்டு வந்து படுக்க வெச்சேன், ஷூவைக் கழட்டப் போனா உதைக்கறா. நான் என்ன தப்பு பண்ணேன்? நான் அவளை எப்படி வெச்சிருந்தேன் தெரியுமா?" அவர் குரல் உடைந்தது. பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல அண்ணி. இத்தனை நாள் அவ யார்கிட்ட வேணும்னாலும் வந்தா, அது நம்ம யாருக்காகவும் வந்தது இல்லை. இனிமே ஒரு நாள் உங்ககிட்ட வந்தா, அது உங்களுக்காகத்தான் வருவா."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அதற்குள் கார்க் கதவு திறந்தது. என் மகள் இறங்கினாள். ஷூ கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்துக் கையை விரித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். அவள் ஓடவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லாமல், என்னை மட்டும் பார்த்துக்கொண்டு, நடந்து வந்தாள். பக்கத்தில் வந்ததும் கையை ஓங்கி என்னை அடித்தாள். தோளில், நெஞ்சில், கன்னத்தில், இரண்டு கைகளாலும்.

"நீ ஏன் என்னை அனுப்புன? ஏன் அனுப்புன? நீ கையை ஆட்டுன! நீ சிரிச்ச!"

"அய்யய்யோ, பெத்த... அம்மாவையே அடிக்கறா பாரு!" என்று நாத்தனார் பாய்ந்து வந்தார். உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் நுரை வாயோடு ஓடிவந்தார்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். செருப்புக் கடையில் அந்த மனுஷனிடம் இவள் கோபப்படவில்லை. விடுதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் மேல் இவளுக்குக் கோபம் வந்ததா என்பதுகூட யாருக்கும் தெரியாது. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, எதற்காகப் போக விட்டாய் என்று இவள் கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். அது நான்தான். அடி வலித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாகவும் அவ்வளவு வெட்கமாகவும் ஒரே நேரத்தில் இருந்தது.

"தப்புதான் கண்ணு," என்றேன். "அம்மா பண்ணது தப்பு. உன்னைக் கேக்காம இனிமே எங்கேயும் அனுப்ப மாட்டேன்."

அடி மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது. கட்டிப்பிடிக்கப் போனேன், முழங்கையால் தள்ளினாள். என்னைத் தாண்டி உள்ளே போய், வாசல்படிக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பினாள். மூக்கை ஒழுக விட்டுக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, என்னைப் பார்த்தாள்.

"உள்ள வா," என்றாள்.

போனேன்.

"கதவைச் சாத்து."

நாத்தனார் வாயைப் பிளந்துகொண்டு வாசலில் நின்றார். என் வீட்டுக்காரர் அவள் பையை வாங்கிக் கையில் பிடித்திருந்தார்.

"நானும் வெளியவா?" என்றார்.

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அப்பா அப்புறம்," என்றாள்.

சாத்தினேன்.